மகாராணியின் இருபத்துநாலு முட்டைகளும் ஒரு பழைய ஃப்ரிட்ஜும்

பாம்பக்கா என்று சொன்னால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். பாம்புப் பண்ணையில் அவளுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். தினமும் காலை பதினொரு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் மலைப்பாம்பின் கண்ணாடி அறைக்கு முன்னால் நின்று, வந்திருக்கிற ஜனங்களுக்குப் பத்து நிமிஷம் பேசுவாள். கண்ணாடியைத் தட்டாதீங்க, உள்ளே பிஸ்கட் போடாதீங்க, அது என்ன ஸ்கூல் பிள்ளையா பிஸ்கட் தின்ன, என்று ஆரம்பிப்பாள். ஜனங்கள் சிரிப்பார்கள். கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி ஒரு விஷயம் சொல்லுவாள். அதைக் கேட்கும்போது மட்டும் ஒரு குழந்தைகூட அசையாது.

"பாம்புக்கு உடம்புல சொந்தமா சூடு கிடையாது. ஆனா மலைப்பாம்பு முட்டை போட்டா, முட்டைகளைச் சுத்திப் படுத்துக்கிட்டு, உடம்பை நடுக்கி நடுக்கியே சூட்டை உண்டாக்கும். அது நடுங்குறதைப் பார்த்து ஐயோ பாவம்னு நினைச்சுடாதீங்க. அது வேலை செய்யுது."

இதை அவள் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகாராணியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவள். மகாராணி என்பது அந்தப் பெண் மலைப்பாம்பு. பதினாலு அடி நீளம். பெயர் வைத்ததும் இவள்தான். தீனி கொண்டுபோனால் உடனே திரும்பிப் பார்க்காது, நாம் நின்று காத்திருக்க வேண்டும், அந்த மிதப்புக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

பாம்பக்கா இந்த வேலைக்கு வந்த கதையே தமாஷ். முதலில் அவள் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். ஒரு நாள் சாரைப்பாம்பு ஒன்று எப்படியோ வெளியே வந்து டிக்கெட் ஜன்னலடியில் சுருண்டு கிடந்தது. காவலாளி பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். அப்போதிருந்த மேனேஜர் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார், பாம்புப் பண்ணைக்கு மேனேஜர்! இவள் துடைப்பத்தால் அதை ஒரு குப்பை வாளிக்குள் தள்ளி, மூடியைப் போட்டு, மூடி மேல் உட்கார்ந்துகொண்டு, அடுத்த டிக்கெட்டைக் கிழித்தாள். மறுநாளே உள் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்தது. பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பார்கள். சொல்லுவாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. அம்மா அப்பா இரண்டு பேரும் ஒரு வருஷ இடைவெளியில் போய்ச் சேர்ந்தபோது இவளுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதிமூன்று. படிப்பு அவனுக்கு ஏறவில்லை. வீட்டில் இருக்கிற சுவிட்ச், மிக்சி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு முழிப்பான், ஆனால் திரும்ப மாட்டியதும் அது முன்னைவிட நன்றாக ஓடும். அவனை ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டவள் அக்காதான். பிறகு வீட்டின் முன்னறையையே கடையாக்கிக்கொண்டான். முன்னால் கதவில்லாத ஃப்ரிட்ஜ்கள், பின்னால் இரண்டு அறையில் இவர்கள் குடித்தனம். அவனும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன்டா என்று கேட்டால், ஃப்ரிட்ஜ்காரனா இருந்தும் யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியலையே என்று சிரிப்பான். அக்காவைத் தனியே விட்டுவிட்டுத் தான் மட்டும் குடும்பமாகிவிட மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்கும் தெரியும், அவளும் கேட்டதில்லை. இவர்கள் குடும்பத்தில் முக்கியமான எதையும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுதான் இந்த வீட்டின் வியாதி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகாராணி முதல் தடவை முட்டை போட்டது. இரண்டு நாள் சுற்றிப் படுத்து, நடுங்கி, அடை காத்தது. மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து கண்ணாடியைப் படபடவென்று தட்டித் தீர்த்ததில், முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு திரும்பவேயில்லை. பண்ணையில் முட்டை பொரிக்கும் பெட்டி என்று ஒன்று கிடையாது. அக்கா கையைப் பிசைந்துகொண்டு வீட்டுக்கு வந்து சொன்னாள். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் கை கழுவினான். கடையில் கிடந்த ஒரு பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே சூட்டுக் கம்பி வைத்து, சூட்டை ஒரே அளவில் நிறுத்துகிற தெர்மோஸ்டாட் பொருத்தி, ஈரத்துக்குத் தண்ணீர்த் தட்டுகள் வைத்தான். குளிரை வெளியே விடாத பெட்டிக்குச் சூட்டை வெளியே விடாமல் இருக்கத் தெரியாதா என்பது அவன் வாதம். ஒரே நாளில் பெட்டி தயார். இருபத்தாறு முட்டையில் இருபத்திரண்டு பொரித்தது. கையளவுக் குட்டி ஒன்று அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருக்க, அவன் வாயெல்லாம் பல்லாக நிற்கிற போட்டோ ஒன்று பண்ணை அலுவலகத்தில் இன்னமும் மாட்டியிருக்கிறது.

அந்தக் கைதான் இப்போது நடுங்குகிறது.

இரண்டு வருஷமாக. முதலில் வலது கை, பிறகு இரண்டும். நரம்பு சம்பந்தப்பட்டது, மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும், முழுக்கப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்குரூ டிரைவர் ஸ்குரூவின் தலையில் உட்காராமல் சுற்றிச் சுற்றி வருவதை வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். கடை திறந்திருக்கும், வேலை வராது. அவன் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். அக்கா அவனுக்கு டீயை அரை கிளாஸ்தான் ஊற்றிக் கொடுப்பாள், சிந்தாமல் இருக்கட்டும் என்று. முதல் நாள் அவன் கிளாஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குடித்தான்.

இப்படியிருக்கும்போது இந்த வருஷம் மகாராணி தீனியை நிறுத்தியது. பிறகு வயிற்றை மேலே காட்டித் திரும்பிப் படுக்க ஆரம்பித்தது. மலைப்பாம்பு அப்படிப் படுத்தால் உள்ளே முட்டை இருக்கிறது என்று அர்த்தம். மகாராணிக்கு வயசாகிவிட்டது. இனிமேல் முட்டை போடாது, இதுதான் கடைசி ஈடு என்று கால்நடை டாக்டரும் சொன்னார். அதுவாக அடை காக்கும் என்று நம்பிச் சும்மா இருக்க முடியாது. அக்கா வீட்டில் இதைச் சொன்னதும் தம்பியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அவள் அதைப் பார்த்து இரண்டு வருஷமாயிற்று. மறுநாளே மூலையில் துணி போட்டு மூடியிருந்த அந்தப் பழைய ஃப்ரிட்ஜை நடு அறைக்கு இழுத்துவிட்டான்.

மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினான். முன்பு ஒரு நாளில் முடித்த வேலை. ஒயரை ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்ட்ரிங் கோலைப் பிடிக்கும்போது மணிக்கட்டை ஒரு மணல் பையின் மேல் அழுத்திக்கொள்வான். மாத்திரை போட்ட பிறகு கை கொஞ்சம் அடங்குகிற ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்து ஒரு ஒயரை ஒட்டுவான். விரல் நுனியெல்லாம் சூட்டுக் காயம். ஆனால் பசியெடுத்துச் சாப்பிட்டான், பாட்டை முணுமுணுத்தான், இருபது வருஷத்துக்கு முன் அவளைக் கேலி செய்த அதே கேலியை எல்லாம் மறுபடி எடுத்துவிட்டான். பாம்புக் குட்டிகளுக்கெல்லாம் நான் தாய்மாமன், சீர் செய்ய வேண்டாமா, அதுதான் இந்த ஃப்ரிட்ஜ் என்பான். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் விரல்களைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பண்ணைக்கு ஒரு மெஷின் வந்தது. கோழிக்குஞ்சு பொரிக்கிற கம்பெனி ஒன்று இனாமாகக் கொடுத்தது. கண்ணாடிக் கதவு, பச்சை எழுத்தில் எண்கள், சூடு ஏறினால் கத்துகிற மணி, எல்லாம் புத்தம் புதுசு. இப்போதைய மேனேஜர் தங்கமான மனிதர். தனக்குத் தெரியாத விஷயத்தில் தலையிட மாட்டார். மெஷினா, உங்கள் தம்பியின் பெட்டியா, எதில் வைக்கலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் சரி என்று முழுப் பொறுப்பையும் அவள் தலையில் வைத்துவிட்டார்.

அவள் முறைப்படிதான் செய்தாள். முட்டைக்கு வேண்டியது முப்பத்தொன்றரை டிகிரி, கூடக் குறைய அரை டிகிரி போகலாம். வீட்டுப் பெட்டியில் மூன்று நாள், மெஷினில் மூன்று நாள், இரண்டிலும் ஒரே தெர்மாமீட்டரை வைத்து நேரத்துக்கு நேரம் எழுதினாள். மெஷின் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒரு டிகிரி இறங்கி, அப்புறம் தேவைக்கு மேல் ஏறி, அலைந்துதான் நிலைக்கு வந்தது. தம்பியின் பெட்டி மூன்று நாளும் முப்பத்தொன்றரையிலேயே நின்றது. தாள் அவள் கையிலேயே இருந்தது. எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று அதைப் பார்த்து ஒரு குழந்தை சொல்லிவிடும்.

ஆனால் சோதனை முடிந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, தம்பி கதவோரத்தில் உள்விளக்குக்கான கடைசி ஒயரை ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் வந்தது அவனுக்குத் தெரியாது. கோலின் நுனி ஒயரைத் தொடும், விலகும், தொடும், விலகும். நான்காவது தடவை இடது கையால் வலது கையைப் பிடித்து அழுத்தி ஒட்டினான். ஒட்டிய இடம் உருண்டை உருண்டையாக, அசிங்கமாக இருந்தது. அவன் ஒட்டினால் ஒரு காலத்தில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். இந்த ஒயர் ஒரு நாள் கழன்றால்? பொறி பறந்தால்? அத்தனை உயிரும் போய், அதைத் தன் கைதான் கொன்றது என்று அவன் நினைத்தால், அப்புறம் அவன் எழுந்திருப்பானா? இப்படியெல்லாம் யோசித்தாள். அவனுக்காகத்தான் யோசித்தாள், சத்தியமாக. ஆனாலும் தெர்மாமீட்டர் சொன்னதை நம்பாமல் கையைப் பார்த்து முடிவு பண்ணினாள். வாடிக்கையாளர்கள் பண்ணியதும் அதைத்தானே.

மறுநாள் மேனேஜரிடம் மெஷினே போதும் என்றாள். தம்பியிடம் வேறு மாதிரி சொன்னாள். மேனேஜர் மெஷினில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார், இனாமாகக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்களாம், தான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்று ஒரு முழுப் பொய்யைக் கோர்த்துச் சொன்னாள். அவன் ஃப்ரிட்ஜின் கதவை மெல்ல மூடினான்.

"சரிக்கா."

அப்புறம் கேட்டான், அது கோழி மெஷின்தானே, முட்டையைத் திருப்புகிற மோட்டார் இருக்குமே என்று. இருக்கும். கோழி அடிக்கடி முட்டையைக் காலால் உருட்டிவிடும், அதனால் அந்த மெஷின்களில் தட்டு தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். பாம்பு முட்டைக்கு அது எமன். போட்ட முட்டை எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அந்தப் பக்கமே கடைசிவரை மேலே இருக்க வேண்டும். புரண்டால் உள்ளே இருக்கிற உயிர் மூழ்கிவிடும். இது பாம்பக்காவுக்குத் தெரியாதா? அதை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது, அணைத்தாயிற்று என்றாள்.

"சுவிட்சை நம்பாதேக்கா. மோட்டார் ஒயரையே கழட்டிடு."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பொய் சொன்னவர்களுக்குத்தான் கோபம் சீக்கிரம் வரும். இருபத்தாறு வருஷமாக இதே வேலைதான் பார்க்கிறேன், எனக்கு நீ பாடம் எடுக்காதே என்று சுள்ளென்று சொல்லிவிட்டாள். புது மெஷினைப் பிரிக்கவும் அவளுக்குப் பயம். அவன் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான்.

நாலு நாள் கழித்து மகாராணி முட்டை போட்டது. இருபத்துநாலு. ஒரு பகல் முழுக்கச் சுற்றிப் படுத்திருந்துவிட்டு, போன தடவை மாதிரியே விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும் முன்னே பிரித்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவைக்குறி போட்டு, டப்பாக்களில் ஈரமான தேங்காய் நார்த்தூளில் பாதி புதைத்து, மெஷினுக்குள் வைத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். இருபத்துநாலிலும் சிவப்பு நரம்பு ஓடியது. ஒன்றுகூடச் சோடை இல்லை. கால்நடை டாக்டரே அப்படி ஒரு ஈட்டைப் பார்த்ததில்லையாம். பதினெட்டு நாள் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. வீட்டில் தம்பி எதுவும் கேட்கவில்லை, அவளும் பேச்சை எடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் அவளுக்கு வார விடுமுறை. அன்று காலையில் பண்ணையில் பத்து நிமிஷம் கரண்ட் போய் வந்தது. மெஷின் சூட்டை ஞாபகம் வைத்திருந்து திரும்ப முப்பத்தொன்றரையைக் காட்டியது. மாற்று ஆளும் கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி வைத்தார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் மோட்டாரை நிறுத்தி வைத்திருந்ததை மெஷின் மறந்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் திருப்புகிற வேலையைத் தானாகவே ஆரம்பித்துவிடுகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அது வசதி. ஒரு பகலும் ஓர் இரவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டேயிருந்தது.

மறுநாள் காலை அவள் கதவைத் திறந்தாள். நார்த்தூள் எல்லாம் டப்பாவின் ஓரத்தில் சரிந்து கிடந்தது. முட்டைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சிலுவைக்குறியைக் காணோம். ஒன்றிலும் காணோம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சில முட்டைகளில் குறி பக்கவாட்டில் இருந்தது, பலவற்றில் அடியில். டார்ச் அடித்தாள். நரம்புகள் கருத்து, அறுந்து, கலங்கிக் கிடந்தன. மூலையில் ஒரு டப்பாவில் நெருக்கமாக இருந்ததால் அதிகம் புரளாமல் தப்பிய நாலு முட்டையில் மட்டும் சிவப்பு இன்னும் தெரிந்தது. அதுவும் முன்பு போல இல்லை.

மேனேஜரிடம் மறைக்காமல் சொன்னாள். பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினாள், திருப்பும் மோட்டாரின் ஒயரை நான் கழற்றவில்லை என்று. அழவில்லை. அந்த நாலு முட்டையையும் டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டு, பண்ணை வண்டியில் நத்தை வேகத்தில் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் தம்பியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "புரண்டுடுச்சுடா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் டப்பாவைப் பார்த்தான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்க எல்லா நியாயமும் இருந்தது. கேட்டிருந்தால் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நடு அறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தான். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தட்டுகள் நிரம்பியிருந்தன, நார்த்தூள் ஈரமாக இருந்தது, முள் முப்பத்தொன்றரையில் நின்றது. இத்தனை நாளும் அதை அவன் அணைக்கவேயில்லை. காலிப் பெட்டியை இருபது நாளுக்கு மேலாகச் சூடாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

டப்பாவை அவனிடம் நீட்டினாள். அவன் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.

"நீயே வைக்கா. என் கை வேண்டாம்."

அதற்குப் பிறகு நாற்பது நாள். அவன் ஒரு நோட்டில் மணிக்கு ஒரு தடவை சூட்டை எழுதினான். கோணல் மாணலான எழுத்து, வரிக்குள் நிற்காது, ஆனால் எழுதியது எல்லாம் ஒரே எண். முப்பத்தொன்றரை. பக்கம் பக்கமாக முப்பத்தொன்றரை. அவன் தட்டில் தண்ணீர் ஊற்றும்போது வெளியே கொஞ்சம் சிந்தும், உடனே துணியால் துடைத்துவிடுவான். முதல் வாரத்தில் ஒரு முட்டை சுருங்கியது. மூன்றாம் வாரத்தில் இரண்டு பூசணம் பிடித்தன. அக்கா அவற்றைக் காதும் காதும் வைத்த மாதிரி எடுத்து வெளியே கொண்டுபோனாள், அவனும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். கடைசி ஒன்று மட்டும் கொழுகொழுவென்று நின்றது. ஐம்பதாம் நாள் டார்ச் அடித்தபோது உள்ளே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள். தம்பி அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான். தாய்மாமன் பேச்சுகூட லேசாகத் திரும்ப வந்தது. ஒன்று போதும் என்று அவள் நினைத்தாள். அந்த ஒன்று வெளியே தலையை நீட்டிவிட்டால், இவன் பெட்டியில் பொரித்தது என்று ஊர் முழுக்கச் சொல்லுவேன், அந்தப் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் புதுப் போட்டோ மாட்டுவேன், எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுவேன்.

அறுபதாம் நாள் வரவில்லை. அறுபத்திரண்டாம் நாளும் ஓட்டில் கீறல் விழவில்லை. அறுபத்து நாலாம் நாள் சின்னக் கத்தரிக்கோலால் அவளே ஓட்டை மெல்ல வெட்டித் திறந்தாள். குட்டி முழுசாக உருவாகியிருந்தது. உடம்பெல்லாம் படம் போட்ட மாதிரி திட்டுத்திட்டாக, கண், நாக்கு, எல்லாம் இருந்தது. வெளியே வர வேண்டிய பக்கம் தெரியாமல், தலையைக் கீழே திருப்பி ஓட்டின் அடியில் முட்டிக்கொண்டு செத்திருந்தது. செத்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது.

தம்பி எட்டிப் பார்த்தான். பிறகு தன் பெட்டியைத்தான் பார்த்தான்.

"என் ஒயரிங்ல ஏதாவது கோளாறாக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். உன் பெட்டி அரை டிகிரிகூட அசையவில்லைடா, இது அன்றைக்கே புரண்ட முட்டை என்று சொன்னாள். அவன் தலையசைத்தான். நம்பினானா என்று தெரியவில்லை. நோட்டை மூடி, அதன் மேல் பென்சிலை வைத்தான்.

மூன்றாம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டி நின்றது. கடையிலிருந்த எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன, கருவிப் பெட்டி உட்பட. அந்த ஃப்ரிட்ஜ் மட்டும் வாசற்படியில் கிடந்தது. இரும்புக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, தம்பி மறு பக்கம் பிடித்துத் தூக்கப் போனான். அவள் ஓடிப்போய் ஃப்ரிட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டாள். இரும்புக்காரர் நாகரிகம் தெரிந்தவர், பீடி பிடித்துவிட்டு வருகிறேன் என்று தெருமுனைக்குப் போய்விட்டார். இதைப் போடாதே, அடுத்த தடவைக்கு வேண்டும் என்றாள். அவளுக்கே அது பேச்சாகத் தெரியவில்லை. மகாராணிக்கு அடுத்த தடவை ஏது?

அப்போதுதான், அத்தனை நாளும் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"மேனேஜர் ஒண்ணும் சொல்லலடா. மெஷின்ல வைக்கலாம்னு முடிவு பண்ணது நான்தான்."

"தெரியும்க்கா."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் முடிவு சொன்ன மறுநாளே மேனேஜர் கடைக்குப் போன் செய்திருக்கிறார். இத்தனை பாடுபட்டுப் பெட்டி செய்ததற்கு நன்றி, அக்கா மெஷினே போதும் என்று சொல்லிவிட்டதால் உங்களுக்குச் சிரமம் வைக்கவில்லை என்று மரியாதையாகப் பேசியிருக்கிறார். முட்டை போடுவதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரியும். தெரிந்தும்தான் காலிப் பெட்டியை அணைக்காமல் வைத்திருந்தான்.

"தெரிஞ்சும் ஏன்டா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

அவன் ஃப்ரிட்ஜின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவே. நீ டீயை அரை கிளாஸ் ஊத்தறப்பவே எனக்குப் புரிஞ்சது. ஆனாலும் என் கை இனி எதுக்கும் ஆகாதுன்னு ஊரே சொல்லியாச்சு, நீ மட்டும்தான் இன்னும் வாயைத் திறந்து சொல்லல. அது அப்படியே இருக்கட்டும்னு பார்த்தேன்."

அப்படியில்லைடா என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆமாம் என்று எப்படிச் சொல்வாள். பாசத்தில்தான்டா பண்ணினேன் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் நிஜம்தான், ஆனால் அந்த நிஜத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? இரும்புக்காரர் வந்துவிட்டார். இந்தத் தடவை தம்பி கையைக் கொடுக்கவில்லை, ஒதுங்கி நின்றான். அவள்தான் மறு பக்கம் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றினாள். இந்தப் பெட்டியை இத்தனை வருஷமும் எப்படித் தனியாளாக அங்கேயும் இங்கேயும் நகர்த்தினானோ, அவ்வளவு கனம்.

மறுநாள் பதினொரு மணிக்கு மகாராணியின் கண்ணாடி அறைக்கு முன்னால் நல்ல கூட்டம். கண்ணாடியைத் தட்டாதீங்க, பிஸ்கட் போடாதீங்க என்று ஆரம்பித்தாள். சிரித்தார்கள். பாம்புக்கு வெளியே தெரிகிற காது கிடையாது, நாக்கால்தான் மோப்பம் பிடிக்கும் என்று வழக்கமானதெல்லாம் சொன்னாள். கடைசிப் பேச்சுக்கு வந்து குரலை இறக்கினாள்.

"மலைப்பாம்பு முட்டை போட்டா, முட்டையைச் சுத்திப் படுத்துக்கிட்டு, உடம்பை நடுக்கி நடுக்கியே சூடாக்கும். அது நடுங்குறதைப் பார்த்து..."

அதற்கு மேல் வரவில்லை. இத்தனை வருஷமாகப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னதை வீட்டில் இருக்கிற ஒருத்தனுக்குச் சொல்லத் தோன்றவில்லையே. ஜனங்கள் காத்திருந்தார்கள். முன்பே ஒரு தடவை வந்திருந்த ஒரு அம்மா, போன தடவை இன்னும் ஏதோ சொன்னீங்களே, அதை என் பொண்ணுக்குச் சொல்லுங்க என்று மகளை முன்னால் தள்ளினாள். பாம்பக்கா அந்தக் குழந்தையைப் பார்த்தாள். மறந்துபோச்சும்மா என்றாள். கூட்டம் அடுத்த கூண்டுக்கு நகர்ந்தது.